மேல்முறையீட்டுத் தாக்கலும் நோட்டீஸ் சார்வும்: தருமபுரி, கிருஷ்ணகிரி கோர்ட்டுகளில் புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு

தீர்ப்பு பாதகமாக வந்த அன்று கட்சிக்காரர் கேட்பது, "மேல்கோர்ட்டில் ஜெயிப்போமா சார்?" அலுவலகம் அன்றைக்குக் கேட்க வேண்டியது வேறு: "நகல் மனு போட்டாச்சா?" அதாவது, தீர்ப்பின் சான்றிட்ட நகல் கேட்கும் மனு. வாதம் பேச பின்னால் வருஷக்கணக்கில் வாய்தா கிடைக்கும். தாக்கல் செய்யக் கிடைப்பது 30 நாள்தான். அந்த 30 நாளில் நடக்கும் தவறுகளைத் திருத்துவதற்கே சில வழக்குகளில் மூன்று நான்கு வருஷம் ஓடிவிடுகிறது.

வக்கீல் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஜூனியர், குமாஸ்தா, சொந்த வழக்கைத் தானே நடத்துபவர் ஆகியோருக்காக இது எழுதப்பட்டது. சார்வு என்பது நோட்டீஸை எதிர்த்தரப்பிடம் முறைப்படி சேர்ப்பது. நம் இரண்டு மாவட்டங்களில் மேல்முறையீட்டுக்குப் போகும் வழக்குகளில் நிலம், பாகப்பிரிவினை, பாதை, கடன் பத்திரம் சம்பந்தப்பட்டவை நிறைய என்பதால் சிவில் முதல் மேல்முறையீட்டையே முக்கியமாக எடுத்துக்கொள்வோம். கோர்ட்டில் இதற்குப் பெயர் ஏ.எஸ். (அப்பீல் சூட்). கீழ்க் கோர்ட்டின் அசல் வழக்கு ஓ.எஸ். (ஒரிஜினல் சூட்).

எந்தக் கோர்ட்டில் போடுவது

பாலக்கோடு, பென்னாகரம், அரூர், ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டை என எந்த ஊரானாலும் முன்சீப் கோர்ட் தீர்ப்புக்கு மேல்முறையீடு அந்த எல்லைக்குரிய சப் கோர்ட்டுக்குப் போகும். சப் கோர்ட் அசலாக விசாரித்த வழக்கு என்றால் மாவட்டக் கோர்ட்டுக்கு. வழக்கு மதிப்பு சட்டம் சொல்லும் வரம்பைத் தாண்டினால் நேராக உயர்நீதிமன்றத்துக்கு. மாவட்டக் கோர்ட்டே அசலாக விசாரித்துத் தீர்ப்புச் சொன்ன வழக்கும் உயர்நீதிமன்றத்துக்குத்தான்.

இங்கே இரண்டு குழப்பம் வரும். ஒன்று, பார்க்க வேண்டியது வழக்கின் மதிப்பையே, மேல்முறையீட்டின் மதிப்பை அல்ல. பாதித் தொகைக்கு மட்டும் மேல்முறையீடு போடுகிறோம் என்பதால் கோர்ட் மாறாது. இரண்டு, மதிப்பு வரம்புகளைச் சட்டத் திருத்தம் அவ்வப்போது உயர்த்தியிருக்கிறது. பழைய வழக்குக் கட்டில் (வழக்குத் தாள்களின் தொகுப்பில்) இருப்பதைப் பார்த்து எழுதாமல் இன்றைய வரம்பைத் தாக்கல் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள். தப்பான கோர்ட்டில் போட்டால் "உரிய கோர்ட்டில் தாக்கல் செய்யவும்" என்று கட்டு திரும்பி வரும்போது கெடு முடிந்திருக்கும்.

உயர்நீதிமன்றம் என்றால் நமக்குச் சென்னை. 2004-ல் தொடங்கிய மதுரைக் கிளையின் எல்லையில் தருமபுரியும் கிருஷ்ணகிரியும் இல்லை.

இருதரப்பும் சம்மதித்து வாங்கிய தீர்ப்பாணைக்கு (டிகிரி, அதாவது தீர்ப்பின் முடிவைச் சொல்லும் முறையான ஆணை) மேல்முறையீடு கிடையாது. ஒருதலைப்பட்சத் தீர்ப்பு என்றால் மேல்முறையீடும் செய்யலாம், அதே கோர்ட்டில் சிவில் நடைமுறைச் சட்டம் (சி.பி.சி.; கீழே வரும் ஆர்டர், ரூல் எல்லாம் இதில்தான்) ஆர்டர் 9 ரூல் 13-ன் கீழ் ரத்து செய்யக் கேட்டும் மனுப் போடலாம். இரண்டுக்கும் கெடு 30 நாள்தான் (மேல்முறையீடு உயர்நீதிமன்றத்துக்கு என்றால் மட்டும் 90). சம்மன் ஒழுங்காகச் சேரவில்லை, அல்லது ஆஜராக முடியாமல் போனதற்குத் தக்க காரணம் இருக்கிறது என்றால் இரண்டாவது வழிதான் நேர்வழி.

நகல் மனு

தீர்ப்பு நாளன்றோ மறுநாளோ நகல் மனு போட்டுவிட வேண்டும். ஒரே மனுவில் தீர்ப்பு, தீர்ப்பாணை இரண்டையும் கேளுங்கள். தீர்ப்பாணை எழுதி முடிக்கச் சட்டம் 15 நாள் தருகிறது, நடைமுறையில் இன்னும் இழுக்கும். அதுவரை காத்திருந்து மனுப் போடலாம் என்று இருந்துவிடாதீர்கள். நகல் மனு போடுவதற்கு முன்னால் தீர்ப்பாணை தயாரிக்க கோர்ட் எடுத்துக்கொண்ட நாள் கழிக்கப்படாது என்று காலவரையறைச் சட்டம் பிரிவு 12-ன் விளக்கமே சொல்கிறது.

சான்றிட்ட நகலின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ரப்பர் முத்திரை ஒன்று இருக்கும், அதில் வரிசையாக ஐந்து தேதிகள்: மனு கொடுத்தது, கட்டணம் கேட்டது, கட்டணம் கட்டியது, நகல் தயாரானது, நகல் பெற்றது. இந்த ஐந்தும் சேர்ந்துதான் மேல்முறையீட்டின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. மனு கொடுத்ததிலிருந்து நகல் தயாரானது வரை உள்ள நாட்கள் கெடுக் கணக்கில் சேராமல் கழியும், அதாவது கெடு அவ்வளவு நாள் நீளும். கட்டணம் கேட்டு அறிவிப்புப் பலகையில் போட்ட பிறகு நாம் கட்டாமல் விட்ட நாட்களுக்குக் கழிவு கிடைக்காது. நகல் தயாரான பிறகு போய் வாங்காமல் விட்ட நாட்களுக்கும் அப்படியே. குமாஸ்தா வாரம் ஒருமுறை நகல் பிரிவுக்குப் போகும் அலுவலகத்தில் இப்படி ஆறு ஏழு நாள் சத்தமில்லாமல் கரைந்துவிடும். தினமும் பலகையைப் பார்க்க வேண்டும்.

தீர்ப்பாணை இன்னும் எழுதப்படவில்லை, கெடுவோ நெருங்குகிறது என்றால், தீர்ப்பு நகலை மட்டும் வைத்தே தாக்கல் செய்ய ஆர்டர் 20 ரூல் 6ஏ இடம் தருகிறது. தாக்கல் பிரிவில் மறுத்தால் இந்த விதியைக் குறிப்பிட்டு ஒரு மெமோ வைத்துக் கொடுங்கள். தீர்ப்பாணை வந்ததும் தனியாகச் சேர்த்துவிடலாம்.

நாள் கணக்கு

கெடு: மாவட்டக் கோர்ட், சப் கோர்ட்டுக்கு 30 நாள், உயர்நீதிமன்றத்துக்கு 90 நாள். காலவரையறைச் சட்டம் 1963, அட்டவணையின் உறுப்பு 116.

கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்போம். தீர்ப்பு ஜூன் 10. அந்த நாளை விட்டுவிட்டு 11-லிருந்து எண்ணினால் 30-வது நாள் ஜூலை 10. நகல் மனு கொடுத்தது ஜூன் 14. கட்டணம் கேட்ட அன்றே கட்டியாகிவிட்டது. நகல் தயாரானது ஜூலை 2. 14-லிருந்து 2 வரை இரண்டு நாளையும் சேர்த்து 19 நாள். ஜூலை 10-உடன் 19-ஐக் கூட்டினால் கடைசி நாள் ஜூலை 29. இதே வழக்கில் நகலை ஜூலை 9-ல்தான் போய் வாங்கினோம் என்றாலும் கடைசி நாள் 29-தான்.

தீர்ப்புக்கும் தீர்ப்பாணைக்கும் தனித்தனி நகல் மனு போட்டிருந்தால், இரண்டிலும் ஒன்றின்மேல் ஒன்றாக விழும் நாட்களை ஒருமுறைதான் கழிக்கலாம். 30 நாள் முடிந்த பிறகு நகல் மனு போட்டால் எதுவுமே கழியாது. கடைசி நாளில் கோர்ட் விடுமுறை என்றால் திறக்கும் நாளில் போடலாம். மே மாத சிவில் விடுமுறைக்குள் கெடு விழுந்தால் ஜூனில் திறக்கும் முதல் நாளே தாக்கல் செய்தாக வேண்டும். விடுமுறையின் முழு நாட்களும் கழிந்துவிடும் என்று நினைப்பது தவறு. கெடு விடுமுறைக்குள் முடிந்தால் மட்டுமே இந்தச் சலுகை.

இந்தக் கணக்கை மேல்முறையீட்டு மனுவின் முகப்பிலேயே ஒரு சின்ன அட்டவணையாகப் போட்டுவிடுங்கள். சரிபார்ப்பவருக்கு வேலை குறையும், நமக்கும் தப்பு தெரிந்துவிடும்.

கெடு தாண்டிவிட்டால் ஆர்டர் 41 ரூல் 3ஏ-ன் கீழ் தாமத மன்னிப்பு மனு, அபிடவிட்டுடன் (சத்தியம் செய்து கையெழுத்திட்ட வாக்குமூலம்). "உடம்பு சரியில்லை" என்று ஒரு வரியில் எழுதினால் நிற்காது. எந்தத் தேதியில் என்ன நடந்தது, எந்த ஆஸ்பத்திரி, தீர்ப்பு வந்த சேதி என்றைக்குத் தெரிந்தது என்று நாள்வாரியாக வேண்டும். இதில் புதியவர்கள் கவனிக்காத ஆபத்து ஒன்று உண்டு. தாமத மனு நிலுவையில் இருக்கும்வரை மேல்முறையீட்டுக்கு எண் கிடைக்காது. அதே விதியின்படி அதுவரை தீர்ப்பாணைக்குத் தடையும் கொடுக்க முடியாது. எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போய், அவர் எதிருரை போட்டு, விசாரணை முடிய மாதங்கள் ஆகும். அதற்குள் தீர்ப்பாணையை அமலாக்கக் கேட்கும் நிறைவேற்று மனு போட்டு அமீனாவை (கோர்ட் ஊழியரை) அழைத்துக்கொண்டு நிலத்துக்கு வந்துவிடுவார்கள். ஒரு நாள் தாமதத்துக்கும் இதே கதிதான்.

கட்டு தயாரிப்பது

மேல்முறையீட்டு மனுவில் தீர்ப்புக்கான ஆட்சேபணைகளைத் தனித்தனி எண்ணிட்டு, சுருக்கமாக, வாதமோ கதையோ இல்லாமல் எழுத வேண்டும் என்கிறது ஆர்டர் 41 ரூல் 1. "கற்றறிந்த நீதிபதி சாட்சியத்தைச் சரிவரப் பரிசீலிக்கத் தவறிவிட்டார்" என்ற வரி எல்லா மனுவிலும் இருக்கும், எதற்கும் உதவாது. "வாதி தரப்பு சான்றாவணம் 3 பட்டா 1998-ல் ரத்தானதை எதிர்த்தரப்பு சான்றாவணம் 7 காட்டுகிறது, அதைத் தீர்ப்பு குறிப்பிடவே இல்லை" என்பது போல எழுதுங்கள். எந்த ஆவணம், எந்த சாட்சி, தீர்ப்பின் எந்தப் பத்தி என்ற மூன்றும் வரியில் இருக்கட்டும்.

தரப்பினர் பெயர், விலாசம் எழுதும் முகப்புப் பகுதியில்தான் நம் பக்கத்துக் கட்டுகள் அதிகமும் அடிபடுகின்றன. கீழ்க் கோர்ட்டில் இருந்த ஒவ்வொருவரையும் கொண்டுவர வேண்டும். இங்கே மேல்முறையீட்டாளர் 1, எதிர்மேல்முறையீட்டாளர் 2 என்று போடும்போது, பக்கத்திலேயே கீழ்க் கோர்ட்டில் அவர் வாதி 2-ஆ பிரதிவாதி 4-ஆ என்றும் குறிக்க வேண்டும். பாகப்பிரிவினையில் "அந்த அக்கா ஆஜரே ஆகவில்லையே" என்று ஒரு பங்காளியை விட்டுவிட்டால் மேல்முறையீடு முழுவதுமே நிற்காமல் போகலாம். வழக்கின்போது மைனராக இருந்தவர் மேஜராகிவிட்டாரா என்று கேளுங்கள். யாராவது இறந்துவிட்டார்களா என்று கட்டாயம் கேளுங்கள். இறந்தவர் பேரில் மேல்முறையீடு போட்டால் அவரைப் பொறுத்தவரை அது மேல்முறையீடே ஆகாது, வாரிசுகளைத் தொடக்கத்திலேயே சேர்க்க வேண்டும். தாக்கலுக்குப் பிறகு இறந்தால் வாரிசுகளைச் சேர்க்க 90 நாள். அது தாண்டினால் மேல்முறையீடு அற்றுப்போகும், அதை ரத்து செய்யக் கேட்க மேலும் 60 நாள்.

விலாசம் கீழ்க் கோர்ட் வழக்குரையில் இருந்ததை அப்படியே ஒட்டக் கூடாது. வழக்கு பத்து வருஷம் ஓடியிருக்கும். கொட்டாய் பெயர், கிராமம், அஞ்சல், வட்டம் நான்கும் வேண்டும். கதவு எண் இல்லாத காட்டுக்கொட்டாய் வீட்டுக்கு, தகப்பனார் பெயரும் பக்கத்து அடையாளமும் இல்லாமல் தபால்காரரும் அமீனாவும் போய்ச் சேர முடியாது. ஒரே கிராமத்தில் ஒரே பெயரில் நாலைந்து பேர் இருப்பது நம் ஊர் வழக்கம். வட்டங்களும் பிரிந்திருக்கின்றன: பாலக்கோட்டில் இருந்த கிராமம் இன்று காரிமங்கலத்தில் இருக்கலாம், தருமபுரி வட்டத்தில் இருந்தது நல்லம்பள்ளியில், ஓசூரில் இருந்தது சூளகிரியில். விலாசத்தில் இன்றைய வட்டத்தை எழுதுங்கள்.

சொத்து விவரத்துக்கு இதற்கு நேர்மாறான விதி. அதை வார்த்தை மாறாமல் தீர்ப்பாணையிலிருந்தே எடுக்க வேண்டும். பழைய பத்திரத்தில் சேலம் மாவட்டம் என்று இருக்கும், 1965-க்குப் பிந்தியதில் தருமபுரி, 2004-க்குப் பிந்தியதில் கிருஷ்ணகிரி. ஏக்கர் சென்ட்டில் இருப்பதை ஹெக்டேர் ஏர்ஸுக்கு நாமாக மாற்றி எழுதினால் தசமப் புள்ளி தப்பி, 24 சென்ட் 2.4 சென்ட் ஆகிவிடும். அந்தப் பிழை மேல்முறையீட்டுத் தீர்ப்பாணையிலும் ஏறி, நிறைவேற்றும் நாளில்தான் வெளியே வரும். திருத்தம் வேண்டுமானால் அதற்கென்று தனி மனு போட்டுச் செய்யுங்கள்.

கோர்ட் கட்டணம் தோற்ற பகுதிக்கு மட்டும். 6 லட்சம் கேட்ட கடன் வழக்கில் 4 லட்சத்துக்குத் தீர்ப்பாகி, பிரதிவாதி மேல்முறையீடு செய்தால் 4 லட்சத்துக்கே கட்டணம். பண வழக்குக்கு நூற்றுக்கு 3 ரூபாய் என்பதால் 12,000 ரூபாய். 2017 திருத்தத்துக்கு முன் இது நூற்றுக்கு ஏழரையாக இருந்தது, பழைய கட்டைப் பார்த்துக் காப்பியடித்து அதிகம் கட்டிவிடாதீர்கள். கட்டணத்துக்குக் கையில் பணமே இல்லாதவர் ஆர்டர் 44-ன் கீழ் வறியவராக மேல்முறையீடு செய்ய அனுமதி கேட்கலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவிக்குத் தகுதி உள்ளவர்கள். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்க வேண்டும். தொலைபேசி 15100.

வக்காலத்து புதிதாக வேண்டும், நல வில்லை (வக்கீல் சேமநல நிதி முத்திரை) ஒட்டியிருக்க வேண்டும். பிரதிகள்: கோர்ட்டுக்கு ஒன்று, எதிர்த்தரப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று. ஒன்பது எதிர்மேல்முறையீட்டாளர் என்றால் பதினொரு பிரதி.

தடையும் இடைக்கால மனுவும்

மேல்முறையீடு போட்டதாலேயே தீர்ப்பாணை நின்றுவிடாது. ஆர்டர் 41 ரூல் 5-ன் கீழ் தனி ஐ.ஏ. (இடைக்கால மனு) போட வேண்டும். அபிடவிட்டில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: தடை இல்லாவிட்டால் ஏற்படும் பெரும் நஷ்டம், காலம் கடத்தாமல் வந்திருக்கிறோம் என்பது, தீர்ப்பாணைக்குப் பிணையம் தரத் தயார் என்பது. நிறைவேற்று மனு ஏற்கனவே போட்டிருந்தால் அதன் எண்ணும் அடுத்த வாய்தாவும். பணத் தீர்ப்பாணை என்றால் தொகையைக் கட்டவோ பிணையம் தரவோ கோர்ட் சொல்லும். சொன்ன நாளில் கட்டாவிட்டால் தடை கிடைக்காது என்று கட்சிக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நகல் வருவதற்குள்ளேயே அவசரம் என்றால், மேல்முறையீட்டுக் கெடு முடியும்வரை தீர்ப்புச் சொன்ன கோர்ட்டிலேயே தடை கேட்கலாம். பலர் இதைப் பயன்படுத்துவதில்லை.

நம் கட்சிக்காரர் வாதியாக இருந்து வழக்கு தள்ளுபடியாகி இருந்தால், நிறுத்தி வைப்பதற்கு அங்கே எதுவுமே இல்லை. "தீர்ப்பாணைக்குத் தடை" என்று மனுப் போட்டால் பயனில்லாமல் திரும்பும். அவருக்கு வேண்டியது ஆர்டர் 39-ன் கீழ் இடைக்கால உறுத்துக்கட்டளை (இன்ஜங்க்ஷன்).

அபிடவிட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வேண்டும். ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கத்துக் கட்சிக்காரர் தெலுங்கோ கன்னடமோதான் படிப்பார் என்றால், அவர் மொழியில் படித்துச் சொல்லி, புரிந்துகொண்டு கையெழுத்திட்டார் என்ற வரியைச் சான்றொப்பமிடுபவர் எழுத வேண்டும். கைநாட்டு வைப்பவருக்கும் அப்படியே.

தாக்கலும் ரிட்டர்னும்

மின்தாக்கலில் ஏறும்போது பி.டி.எஃப். நேராக, படிக்கும்படி இருக்க வேண்டும். செல்போனில் எடுத்த சாய்ந்த படம் திரும்பி வரும். தாளில் கொடுத்ததும் மின்தாக்கலில் ஏற்றியதும் பக்கத்துக்குப் பக்கம் ஒன்றாக இருக்கட்டும். தாக்கலானதும் முதலில் எஸ்.ஆர். என்ற தற்காலிக எண் கிடைக்கும். சரிபார்த்த பிறகுதான் ஏ.எஸ். எண்.

குறை இருந்தால் கட்டு ரிட்டர்ன் ஆகும். அதன்மேல் குறைகளையும் சரிசெய்து திரும்பக் கொடுக்க வேண்டிய கெடுவையும் எழுதியிருப்பார்கள். அந்தத் தேதியை அன்றே டைரியில் ஏற்றுங்கள். ரிட்டர்ன் ஆன கட்டு அலமாரியில் தூங்குவதுதான் இந்தத் தொழிலின் பெரிய நோய். கெடு தாண்டினால் மறுதாக்கல் தாமதத்தை மன்னிக்கக் கேட்டு இன்னொரு மனு, இன்னொரு அபிடவிட். ரிட்டர்னில் எழுதிய ஒவ்வொரு குறைக்கும் எதிரே "சரிசெய்யப்பட்டது, பக்கம் இன்னது" என்று பதில் எழுதிக் கொடுத்தால் இரண்டாவது ரிட்டர்னைத் தவிர்க்கலாம். குறை சரியல்ல என்று பட்டால் விதியைக் காட்டி எழுதுங்கள், "கோர்ட்டில் கேட்டு உத்தரவிடவும்" என்று வைக்கச் சொல்லுங்கள்.

எதிர்த்தரப்பு கேவியட் (தன்னைக் கேட்காமல் உத்தரவு போடக் கூடாது என்ற முன்மனு) போட்டிருக்கிறதா என்று தாக்கலுக்கு முன்பே பாருங்கள். கேவியட் 90 நாள் உயிரோடு இருக்கும். இருந்தால் ஐ.ஏ. நகலைக் கேவியட் போட்டவருக்குக் கொடுக்காமல் அன்றே தடை வாங்க முடியாது.

நோட்டீஸ் சார்வு

தாக்கலுக்குப் படும் பாட்டில் பாதியைக்கூட இதற்கு யாரும் படுவதில்லை. கட்டு மாதக்கணக்கில் "நோட்டீஸ், வாய்தா" என்று ஓடுவது இதனால்தான்.

கோர்ட் நோட்டீஸ் உத்தரவிட்டதும் பேட்டா (நோட்டீஸ் சேர்ப்பதற்கான கட்டணம்) கட்ட வேண்டும், ஒவ்வொருவருக்கும் தனியாக. பேட்டா மெமோவுடன் மேல்முறையீட்டு மனுப் பிரதி, நிரப்பிய நோட்டீஸ் படிவம், தபால் உறை, ஒப்புகை அட்டை எல்லாம் சேரும். உத்தரவான மறுநாளே கட்டுங்கள். வாய்தாவுக்கு இரண்டு நாள் முன்பு கட்டினால் அமீனா கையில் நோட்டீஸ் போகும்போது தேதி முடிந்திருக்கும். பேட்டா கட்டாமலே விட்டால் மேல்முறையீடு தள்ளுபடியாகும்.

நோட்டீஸ் கோர்ட் ஊழியர் மூலமும், ஒப்புகை அட்டையோடு தபாலிலும் போகலாம். தஸ்தியாகக் கேட்டு வாங்கி நாமே சேர்க்கவும் விதி உண்டு. ஆளிடமே கொடுப்பது முதல் வழி. அவர் வீட்டில் இல்லை, சீக்கிரம் திரும்புவதாகவும் இல்லை என்றால் கூட வசிக்கும் வயது வந்த குடும்ப உறுப்பினரிடம் கொடுக்கலாம், ஆணோ பெண்ணோ. வேலைக்காரர் குடும்ப உறுப்பினர் ஆகமாட்டார். வாங்க மறுத்தால் வெளிக்கதவில் ஒட்டி, யார் அடையாளம் காட்டினார், யார் பார்த்தார், எத்தனை மணி என்று ஊழியர் எழுதித் தர வேண்டும். அதனால் கிராமத்துக்குப் போகும் ஊழியருடன் அடையாளம் காட்ட நம் தரப்பில் ஒருவரை அனுப்புங்கள்.

எதிர்த்தரப்புக்குக் கீழ்க் கோர்ட்டில் ஆஜரான வக்கீலிடம் மேல்கோர்ட் நோட்டீஸைக் கொடுத்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. போதாது. கட்சிக்காரர் எழுத்தில் வெளிப்படையாக ஒப்பியிருந்தாலொழிய, வேறொரு கோர்ட் அனுப்பும் நோட்டீஸை அந்த வக்கீலிடம் சார்வு செய்ய முடியாது என்பது ஆர்டர் 3 ரூல் 4. மேல்கோர்ட்டில் அவர் வக்காலத்துப் போட்ட பிறகு கதை வேறு. அப்போது ஒவ்வொரு ஐ.ஏ.வின் நகலையும் அவரிடம் கொடுத்து, நம் பிரதியில் "நகல் பெற்றேன்" என்று தேதியோடு கையெழுத்து வாங்கி வையுங்கள்.

தபால் உறை திரும்பி வந்தால் கட்டில் சொருகிவிடாமல் அதன் மேல் உள்ள குறிப்பைப் படியுங்கள். "வாங்க மறுத்தார்" என்றால் நமக்கு நல்லது, சார்வானதாகக் கோர்ட் அறிவிக்கலாம். "கதவு பூட்டியுள்ளது" என்றால் மறுபடி பேட்டா கட்டி, காலையிலோ ஞாயிறன்றோ ஆள் இருக்கும் நேரம் கேட்டு அனுப்ப வேண்டும். "விலாசத்தில் இல்லை" என்றால் ஊரில் விசாரித்துப் புது விலாசத்தை மெமோவாகப் போடுங்கள். வேலைக்காகப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போனவர்கள் நிறைய, மாமியார் வீட்டிலோ கடையிலோ கேட்டால் தெரியும். "காலமானார்" என்றால் இறந்த தேதியைக் கேட்டு, அதிலிருந்து 90 நாள் கணக்கை அன்றே போட்டுவிடுங்கள். உறையே வரவில்லை, அட்டையும் வரவில்லை என்றால் 30 நாள் கழித்து, சரியான விலாசத்துக்கு முறைப்படி அனுப்பியதைக் காட்டி, சார்வானதாக அறிவிக்கக் கேட்கலாம். இதற்குத் தபால் ரசீதும் தடமறிதல் பக்கத்தின் அச்சுப் பிரதியும் வேண்டும், ரசீதைக் கட்டில் ஒட்டியே வையுங்கள். தடமறிதல் விவரம் இணையத்தில் என்றைக்கும் இருக்காது, கையோடு அச்செடுத்துவிட வேண்டும்.

எல்லா வழியும் பார்த்த பிறகுதான் மாற்றுவழிச் சார்வு. ஆர்டர் 5 ரூல் 20-ன் கீழ் மனுவும் அபிடவிட்டும் போட வேண்டும்: எத்தனை முறை முயன்றோம், ஒவ்வொரு முறையும் என்ன குறிப்போடு திரும்பியது என்று. கோர்ட்டிலும் அவர் கடைசியாக வசித்த வீட்டிலும் ஒட்டவோ, பத்திரிகையில் விளம்பரம் கொடுக்கவோ உத்தரவாகும். விளம்பரம் அவர் கடைசியாகக் குடியிருந்த பகுதியில் புழங்கும் நாளிதழில் வர வேண்டும். பெங்களூரில் இருப்பவருக்குச் சேலம் பதிப்புத் தமிழ் நாளிதழில் போட்டால் பிற்பாடு அவர் வந்து அதையே காரணமாகக் காட்டி மறுவிசாரணை கேட்பார். விளம்பரம் வந்த முழுப் பக்கத்தையும் தாக்கல் செய்யுங்கள், கத்தரித்த துண்டு போதாது.

எதிர்மேல்முறையீட்டாளர் பக்கம் இருந்தால்

நோட்டீஸ் கிடைத்த தேதியை உறையிலேயே எழுதி வையுங்கள். தீர்ப்பு நமக்குப் பாதி சாதகம், பாதி பாதகம் என்றால், நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து ஒரு மாதத்துக்குள் குறுக்கு ஆட்சேபணை போடலாம். தனியாக மேல்முறையீடு போடத் தவறியவருக்கு இதுதான் வழி. நோட்டீஸ் வந்தும் ஆஜராகாமல் இருந்தால் ஒருதலைப்பட்சமாகவே கேட்டு முடிப்பார்கள்.

கிரிமினலும் சென்னையும்

மாஜிஸ்திரேட் கோர்ட் தண்டனைக்கு எதிரான மேல்முறையீடு செஷன்ஸ் கோர்ட்டுக்கு, கெடு 30 நாள். மனுவுடன் தண்டனை நிறுத்திவைப்பு மனுவும் சேர வேண்டும். செக் வழக்கு என்றால் அபராதம் அல்லது இழப்பீட்டுத் தொகையில் குறைந்தது 20 சதவீதத்தை 60 நாளில் கட்ட மேல்கோர்ட் உத்தரவிடலாம், காரணம் காட்டினால் மேலும் 30 நாள் கிடைக்கும். கட்சிக்காரரைப் பணத்தோடு தயாராக வையுங்கள்.

முதல் மேல்முறையீட்டிலும் தோற்றால் இரண்டாம் மேல்முறையீடு சென்னையில், 90 நாளில். அங்கே முக்கியமான சட்டப் பிரச்சினை இருந்தால் மட்டுமே கேட்பார்கள், அதை மனுவிலேயே வகுத்து எழுத வேண்டும். பணம் வசூலிக்கும் வழக்கு 25,000 ரூபாய்க்கு மேல் போகவில்லை என்றால் இரண்டாம் மேல்முறையீடே கிடையாது. இரண்டு கோர்ட்டுகளின் தீர்ப்பும் தீர்ப்பாணையும் வேண்டும். அங்கே தனி நோட்டீஸ் அனுமதித்தால் வக்கீலே தபாலில் அனுப்பி, ரசீது, தடமறிதல் பக்கம், ஒப்புகை அட்டை மூன்றையும் இணைத்துச் சார்வு அபிடவிட் போடுவார். அனுப்பிய விலாசத்தை இங்கிருந்து சரிபார்த்துக் கொடுப்பது ஊர் அலுவலகத்தின் வேலை. தமிழ், தெலுங்கு, கன்னட ஆவணங்களுக்கெல்லாம் ஆங்கில மொழிபெயர்ப்பு கேட்பார்கள். பழைய கிரயப் பத்திரத்தின் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் ஊரில்தான் கிடைப்பார் என்பதால், கட்டு சென்னைக்குக் கிளம்பும் முன்பே இங்கே மொழிபெயர்த்து, தட்டச்சு செய்து, பக்க எண் போட்டு அனுப்புங்கள்.